காட்டு முயல்: வயலில் பாதி, அடுப்பில் மீதி

முயல்கறி என்றால் நம்மில் பலருக்கும் தெரிந்தது கூண்டில் வளர்த்த வெள்ளை முயல்தான். கறி வெளுப்பாக இருக்கும், சீக்கிரம் வேகும், எந்த மசாலா போட்டாலும் அதற்கு இசைந்துபோகும். இங்கிலாந்தின் கோதுமை வயல்களில் திரியும் பழுப்பு முயல் வேறு. தோலை உரித்தால் கறி கறுஞ்சிவப்பாக இருக்கும். வளையில் பதுங்கி வாழும் குழிமுயலுக்குக் குறுகிய ஓட்டம் போதும். இது வெட்டவெளியில் பிறந்து, வெட்டவெளியில் படுத்து, ஓட்டத்தை மட்டுமே நம்பி உயிர் பிழைப்பது. மணிக்கு 70 கிலோமீட்டர் வரை ஓடும் தசையில் ரத்த ஓட்டமும் நிறமியும் அதிகம், கொழுப்போ இல்லவே இல்லை என்று சொல்லலாம். நன்றாக வளர்ந்தது 3 முதல் 4 கிலோ, சில சமயம் 5 கிலோகூட இருக்கும். சமைக்கும்போது கோழியை மறந்துவிட்டு மான்கறியை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கறியைப் பற்றி வரும் புகார்கள் மூன்று: நாறுகிறது, ரப்பர் மாதிரி இருக்கிறது, ஈரல் மாதிரிக் கசக்கிறது. மூன்றுக்கும் சமைத்தவரைத்தான் திட்டுவார்கள். ஆனால் பெரும்பாலும் தவறு நடந்திருப்பது வயலில், சுட்ட முதல் ஒரு மணி நேரத்துக்குள். அதனால் அடுப்புக்கு வருவதற்கு முன் வயலைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டியிருக்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் பிரிட்டனுக்கு. தமிழ்நாட்டில் முட்காட்டிலும் மானாவாரி நிலத்திலும் இருக்கும் கறுப்புப் பிடரி முயல் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. பொங்கலை ஒட்டி வலையும் நாயுமாகக் கிளம்புவது எத்தனை தலைமுறைப் பழக்கமாக இருந்தாலும் இன்று அது குற்றம், வனத்துறை வழக்குப் போடும். ஊரில் இருப்பவர்களுக்குப் பண்ணை முயல் இருக்கிறது, அதற்கு இந்தச் சமையல்முறை பொருந்தாது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பழுப்பு முயலுக்கு முழுமையான தடைக்காலம் இல்லை என்பது பலருக்கும் ஆச்சரியம். இருப்பது 1892ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. மார்ச் முதல் ஜூலை வரை உள்நாட்டு முயலை விற்கக் கூடாது என்கிறது, சுடக் கூடாது என்று சொல்லவில்லை. அதற்கும் முந்தைய 1831 சட்டப்படி ஞாயிற்றுக்கிழமையும் கிறிஸ்துமஸ் அன்றும் சுடக் கூடாது. தன் பயிரைத் தின்னும் முயலைப் பிடிக்கும் உரிமையைக் குத்தகை விவசாயிக்குக் கொடுத்தது 1880ஆம் ஆண்டுச் சட்டம். ஸ்காட்லாந்து 2011 சட்டத்தின் மூலம் பிப்ரவரி 1 முதல் செப்டம்பர் 30 வரை பழுப்பு முயலுக்குத் தடைக்காலம் வைத்துவிட்டது. அங்குள்ள மலை முயலை 2021 மார்ச் முதல் உரிமம் இல்லாமல் தொடவே முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை விட்டுத் துரத்துவது 2004 வேட்டைச் சட்டத்தோடு முடிந்தது. முடிந்தது என்றால் சட்டப்படி. அறுவடை முடிந்த லிங்கன்ஷயர், கேம்பிரிட்ஜ்ஷயர் வயல்களில் இரவோடு இரவாக வண்டியேற்றிப் பந்தயத்துக்கு நாய் விடும் கும்பல்கள் இன்றும் வருகின்றன. அவர்கள் வராமல் இருக்கட்டும் என்பதற்காகவே தன் நிலத்து முயல்களைச் சுட்டுக் குறைக்கும் விவசாயிகளும் உண்டு. முயலுக்கு இருபுறமும் இடி.

சட்டம் அனுமதிப்பதாலேயே சுட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. பிப்ரவரி தொடங்கி செப்டம்பர் வரை முயல் குட்டி போடும். சினைக்காலம் சுமார் 42 நாள். அப்படியானால் ஜனவரி கடைசியிலேயே சில பெட்டைகள் சினையாக இருக்கும். குட்டிகளைத் தாய் பொழுது சாய்ந்த பிறகு, நாளுக்கு ஒரு முறை மட்டும் வந்து பாலூட்டிவிட்டுப் போகும். பகலில் தனியாகத் தெரியும் முயலைப் பார்த்து அதற்குக் குட்டி இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியான கிழக்கு ஆங்கிலியாவில் பெரிய முயல் வேட்டைகள் பிப்ரவரியில் நடப்பது பழைய வழக்கம். ஃபெசன்ட் பறவை, கவுதாரி வேட்டைப் பருவம் முடிந்ததும் ஆட்கள் சும்மா இருப்பார்கள் என்பதைத் தவிர அதற்கு நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டுக்காகச் சுடுபவர்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை போதும். அந்த வருடத்து இளம் முயல்கள் வளர்ந்து, புல்லும் தானியமும் தின்று நல்ல உடம்போடு இருக்கும் காலமும் அதுதான். நில உரிமையாளர் அனுமதியும் துப்பாக்கிச் சான்றிதழும் இல்லாமல் வயலில் கால் வைக்கவே கூடாது. தென்மேற்கு இங்கிலாந்து மாதிரி முயல் அருகிவிட்ட பகுதிகளில் சுடவே வேண்டாம்.

முயல் பகலில் உழவுசாலிலோ புல்லிலோ தன் உடம்பளவுக்குச் சிறு பள்ளம் பறித்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, காதை முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். பத்தடி பக்கத்தில் போனாலும் அசையாது. எழுந்துவிட்டால் பிடிக்க முடியாது. பின்னங்கால் நீளம் என்பதால் மேட்டை நோக்கி ஓடுவதில் அதற்கு வசதி. துரத்தல் இல்லாவிட்டால் பெரிய வட்டம் போட்டு, கிளம்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். தெரிந்தவர்கள் பின்னால் ஓடாமல் வேலியோரம் காத்திருப்பது அதனால்தான்.

12 போர் ஷாட்கன் என்றால் 5ஆம் எண் ரவை (சிதறிப் பாயும் சிறு உலோக உருண்டைகள்), ஒரு தோட்டாவில் 30 கிராம் அல்லது அதற்குச் சற்று மேல். தூரம் 30 மீட்டருக்குள். முயல் பெரிய விலங்கு, தோலும் ரோமமும் தாங்கும். 45 மீட்டரில் சுட்டால் சாகாது, காயத்தோடு ஓடும். அடிபட்ட முயல் எழுப்பும் அலறல் குழந்தையின் அழுகையைப் போலவே இருக்கும். அதை ஒருமுறை கேட்டவர்கள் பிறகு தூரத்தில் சுடுவதில்லை. எதிரே வருவதையும் பக்கவாட்டில் ஓடுவதையும் தலைக்குச் சற்று முன்னால் குறிவைக்க வேண்டும். விலகி ஓடும் முயலைச் சுடவே கூடாது. அதன் பின்புறம் முழுக்க ரவை ஏறி, தட்டுக்கு வர வேண்டிய தொடையும் முதுகும் நாசம், குடலும் கிழிந்திருக்கும். ரைஃபிள் என்றால் .22 ரிம்ஃபயர் தோட்டாவுக்கு 50 மீட்டருக்குள், அதைவிட வேகமான .17 எச்எம்ஆர் தோட்டாவுக்கு 100 மீட்டருக்குள், தலையில் மட்டும். .22 தோட்டா கல் கலந்த மண்ணில் பட்டால் தெறித்து எங்கேயோ போகும். முயலுக்குப் பின்னால் மண்மேடு இல்லாவிட்டால் சுடாமல் விட்டுவிடுங்கள்.

மனிதர் நெருங்கியும் எழாத, தள்ளாடும், கண் வீங்கிய, எலும்பு தெரியும் முயலைச் சாப்பாட்டுக்கு எடுக்காதீர்கள். குழிமுயலைக் கொல்லும் மிக்ஸோமடோசிஸ் என்ற வைரஸ் நோய் 2018இல் கிழக்கு ஆங்கிலியாவின் பழுப்பு முயல்களிலும் கண்டறியப்பட்டது. மனிதருக்கு அது தொற்றாது என்றாலும் நோய்ப்பட்ட உடம்பு கறிக்கு ஆகாது. ஐரோப்பியக் கண்டத்தில் வேட்டையாடுபவர்கள் முயலிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் துலரேமியா என்ற பாக்டீரியா நோய்க்கும் பயப்பட வேண்டும். தோல் உரிக்கும்போது கைக்கீறல் வழியாகவே அது தொற்றும், ஃப்ரீஸரில் வைத்தாலும் கிருமி சாகாது. பிரிட்டனின் முயல்களில் அந்த நோய் இல்லை. ஆனாலும் கையுறை போட்டுக்கொள்வதில் என்ன நஷ்டம்?

விழுந்த உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். முயலை முன்னங்கால் பக்கம் தூக்கிப் பிடித்து, கட்டைவிரலால் வயிற்றின் நடுவிலிருந்து கீழ்நோக்கி அழுத்தமாகத் தடவினால் மூத்திரப்பை காலியாகும். இதைச் செய்யாவிட்டால் மூத்திரம் மெல்லக் கசிந்து தொடைக்கறியில் இறங்கும். 'காட்டு நாற்றம்' என்று நாம் மூக்கைப் பிடிப்பதில் பாதி இதுதான். அடுத்து, சூடு. இன்னும் சூடாக இருக்கும் முயல்களை வண்டியின் பின்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் அடியில் இருப்பதன் வயிறு இரண்டு மூன்று மணி நேரத்தில் பச்சை கண்டுவிடும். ஒரு பின்னங்காலில் எலும்புக்கும் நரம்புக்கும் நடுவே கீறி, மற்றக் காலை அதற்குள் நுழைத்தால் கம்பில் மாட்ட வளையம் கிடைக்கும். காற்றோட்டமாகத் தனித்தனியே தொங்க வேண்டும்.

எத்தனை நாள் தொங்கவிடுவது என்று கேட்டால் ஆளாளுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். பழைய பண்ணை வழக்கம் குடலை எடுக்காமல், தலைகீழாக, ஒரு வாரம் முதல் பத்து நாள். பக்குவப்பட்ட கறியில் ஆழமான வாசம் வரும், உண்மைதான். ஆனால் அந்த வழக்கம் ஜன்னலில்லாத கல் அறையில், உறைபனிக் காலத்தில் உருவானது. இன்றைய டிசம்பர் 12 டிகிரியைத் தொடுகிறது. 4 டிகிரிக்கு மேல் போகாத குளிரறை இருந்தால் நான்கு ஐந்து நாள் சரி. இல்லாவிட்டால் அன்றே வயிற்றைச் சுத்தம் செய்து, தோலோடு ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். குடலில் அடிபட்டதை எந்தக் காரணத்துக்காகவும் தொங்கவிடக் கூடாது.

உரிக்கும் முன் வயதைப் பார்த்துவிட வேண்டும். சமையல்முறையை முடிவு செய்வதே அதுதான். காதின் விளிம்பை இரு விரலால் இழுத்தால் எளிதில் கிழிவது இளசு, கிழியாமல் தோல்வார் மாதிரி நீள்வது முற்றல். நகம் ரோமத்துக்குள் மறைந்து கூராக இருந்தால் இளசு, வெளியே நீட்டி மழுங்கியிருந்தால் முற்றல். இவற்றைவிட நம்பகமானது முன்னங்கால் சோதனை. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, வெளிப்பக்கமாகக் கட்டைவிரலால் தடவினால் இளம் முயலில் பயறு அளவு குமிழ் தட்டுப்படும். ஏழு மாத வயது வாக்கில் அது மறைந்துவிடும். குமிழ் இருந்தால் முதுகை அப்படியே சுடலாம். இல்லாவிட்டால் எல்லாமே குழம்புக்குத்தான்.

தோல் உரிப்பது சுலபம், ஆனால் வீட்டுக்குள் வேண்டாம். ரோமம் கொட்டும், ஈரக்கறியில் ஒட்டிய ரோமத்தைத் துடைத்து மாளாது. நான்கு பாதங்களையும் மூட்டில் வெட்டிவிட்டு, பின்தொடைகளின் உட்பக்கமாகக் கீறி, வாலை அறுத்து, தோலைத் தலைப்பக்கமாக இழுக்க வேண்டும். குழந்தைக்கு ஸ்வெட்டர் கழற்றுகிற மாதிரி வந்துவிடும், முன்னங்கால்களை மட்டும் கைவிட்டு உருவ வேண்டும். பிறகு வயிற்றுத் தோலை இரு விரலால் தூக்கிப் பிடித்து, கத்தி முனை மேல்நோக்கி இருக்கும்படி கீறுங்கள். முனை கீழே இருந்தால் குடல் கிழியும்.

குடலை எடுக்கும்போது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மெல்லிய சவ்வைத் தொடாமல் விடுங்கள். தலைகீழாகத் தொங்கிய முயலின் ரத்தம் அதற்குப் பின்னால்தான் தேங்கியிருக்கும். வயிறு காலியான பிறகு, ஒரு கிண்ணத்தின்மேல் பிடித்துச் சவ்வைக் குத்தினால் கெட்டியான கறுப்பு ரத்தம் கொட்டும். நெஞ்சில் அடிபட்டதில் 100 மில்லிக்கு மேல் கிடைக்கலாம், தலையில் அடிபட்டதில் கொஞ்சம்தான். உடனே ஒரு தேக்கரண்டி ஒயின் வினிகர் கலந்து, வடிகட்டி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். வினிகர் இல்லாவிட்டால் கட்டி தட்டும். குடலில் அடிபட்டு ரத்தத்தில் பச்சை கலந்திருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

ஈரலில் பித்தப்பை ஒட்டியிருக்கும். உடையாமல், சுற்றியுள்ள ஈரலோடு சேர்த்தே அறுத்தெறியுங்கள். ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் முழு முயலையும் ஒதுக்குவது நல்லது. குடலைச் சுற்றிய சவ்வில் பட்டாணி அளவு நீர்க்குமிழிகள் சில சமயம் கொத்தாக இருக்கும். பார்த்தால் அருவருப்பாக இருக்கும், ஆனால் அது நாடாப்புழுவின் இளம் பருவம், மனிதருக்குத் தொற்றாது. நாய்க்குத் தொற்றும், எனவே குடலைப் பக்கத்தில் நிற்கும் நாய்க்குத் தூக்கிப் போடாதீர்கள்.

துண்டு போடுவதில் கணக்கு எளிது: இரண்டு தொடை, இரண்டு முன்னங்கால், கடைசி விலாவிலிருந்து இடுப்பு வரை முதுகு. விலா குழம்புக்கு, கழுத்தும் மீதி எலும்பும் எலும்புச் சாறுக்கு. முதுகின்மேல் நீலம் கலந்த வெள்ளிச் சவ்வு இருக்கும், ஒன்றல்ல, இரண்டு மூன்று அடுக்கு. மெல்லிய கத்தியை அதன் அடியில் செலுத்தி, கத்தி முகத்தை மேல்நோக்கிச் சாய்த்து உருவுங்கள். அதை விட்டால் சூட்டில் சுருங்கிக் கறியை வளைத்துவிடும், எந்த ஊறலும் உள்ளே இறங்காது. ரவை நுழைந்த துளையில் ரோமத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிருக்கும். அந்த இடத்தைத் தாராளமாக வெட்டி எறியுங்கள். ஈய ரவையால் சுட்ட கறியைக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முடிந்தவரை தவிர்ப்பது நல்லது என்பது பிரிட்டன் உணவுத் தர முகமையின் அறிவுரை.

இனி அடுப்பு. ஆங்கிலேயரின் பழைய 'ஜக்டு ஹேர்' என்பது உயரமான மண் ஜாடியில் துண்டுகளைப் போட்டு மூடி, ஜாடியைக் கொதிநீரில் நிறுத்தி மூன்று மணி நேரம் வேகவிடுவது. ஜாடி இன்று தேவையில்லை, கனமான மூடியுள்ள பாத்திரமும் ஓவனும் போதும். தத்துவம் மாறவில்லை: ஈரமான மெல்லிய சூடு, நீண்ட நேரம்.

ஒரு முயலின் தொடை, முன்னங்கால், விலா எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோ வரும். அரை லிட்டர் சிவப்பு ஒயின், ஒரு வெங்காயம், ஒரு கேரட், இரண்டு பே இலை, கொஞ்சம் தைம், ஆறு ஜூனிபர் காய், பத்து மிளகு. இதில் ஓர் இரவு ஊறட்டும். இரண்டு நாள், மூன்று நாள் என்று எழுதிவைத்திருப்பவர்களை நம்பாதீர்கள். ஒரு நாளுக்கு மேல் போனால் அமிலம் மேற்புறத்தை வெந்த மாதிரி சாம்பல் நிறமாக்கி மாவுபோல ஆக்கிவிடும். மறுநாள் துண்டுகளை வடித்து, துணியால் ஈரம் போக ஒற்றி எடுங்கள். 150 கிராம் பேக்கனை (உப்பிட்ட பன்றிக்கறி) வதக்கி, வந்த கொழுப்பில் துண்டுகளை மூன்று நான்காகப் போட்டுச் சிவக்க வையுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் தண்ணீர் விட்டு வேகுமே தவிரச் சிவக்காது. இரண்டு மேசைக்கரண்டி மைதாவைத் தூவிக் கிளறி, வடித்த ஒயினை ஊற்றிப் பாதியாக வற்றவிட்டு, நுரையை எடுத்துவிட்டு, அரை லிட்டர் எலும்புச் சாறு சேர்த்து மூடி, 150 டிகிரி ஓவனில் வையுங்கள். இளசுக்கு இரண்டரை மணி நேரம், முற்றலுக்கு நான்குவரை. கடிகாரத்தை நம்புவதைவிடக் கத்தி முனையைத் தொடையில் இறக்கிப் பாருங்கள், எலும்புவரை தடையில்லாமல் போக வேண்டும். ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் கறி மிகவும் கடினமாகிவிட்ட மாதிரி தெரியும். பயந்துபோய் வெளியே எடுத்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. இணைப்புத் திசு கரையத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான்.

ரத்தம் கடைசியில். நமக்கு ரத்தம் என்றால் வெங்காயம் போட்டுக் கிளறிய பொரியல், உதிரி உதிரியாக இருக்க வேண்டும். இங்கே நேரெதிர், உதிரியானால் குழம்பு கெட்டது. துண்டுகளை எடுத்துத் தனியாக மூடிவைத்து, குழம்பில் 100 மில்லி போர்ட் ஒயினும் ஒரு மேசைக்கரண்டி ரெட்கரண்ட் என்ற புளிப்புப் பழத்தின் ஜெல்லியும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணையுங்கள். ரத்தக் கிண்ணத்தில் சூடான குழம்பை ஒரு கரண்டி, கலக்கல், இன்னொரு கரண்டி, கலக்கல் என்று நான்கைந்து முறை சேர்த்து, ரத்தம் சூடேறிய பிறகு மொத்தத்தையும் பாத்திரத்தில் ஊற்றி, மிகச் சிறிய தீயில் கிளறுங்கள். 75 டிகிரி வாக்கில் குழம்பு திடீரென்று பளபளத்து, சாக்லேட் நிறத்துக்கு மாறிக் கரண்டியில் பூசும். அங்கே நிறுத்துங்கள். கொதித்தால் பழுப்பு மணல் மாதிரி திரிந்துவிடும். திரிந்ததை வடிகட்டி மிக்ஸியில் அடித்தால் பாதி மீளும், பளபளப்பு திரும்பாது. ரத்தம் கிடைக்கவில்லை, அல்லது மனம் ஒப்பவில்லை என்றால் ஈரலைப் பச்சையாக விழுதாக்கி இதே முறையில் சேர்த்து, கூடவே 15 கிராம் கசப்புச் சாக்லேட்டைக் கரைத்துவிடுங்கள். மோசமில்லை.

இளம் முயலின் முதுகுக்கு இந்தத் தவமெல்லாம் வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாக எடுத்து, உப்புத் தூவி, வெண்ணெயில் எல்லாப் பக்கமும் சிவக்க வைத்து, மேலே பேக்கன் துண்டுகளைப் போர்த்தி, 220 டிகிரி ஓவனில் பத்து நிமிடம். உள்சூடு 55 முதல் 58 டிகிரி வந்ததும் வெளியே எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டு, எலும்பையொட்டி நீளவாக்கில் அறுக்க வேண்டும். நடுவில் ரோஜா நிறம் இருக்கும். 65 டிகிரியைத் தாண்டினால் சாம்பல் நிறமாகி, புகாரில் சொன்ன அந்த ஈரல் கசப்பு வந்துவிடும், இரண்டு நிமிட அலட்சியம் போதும். துலரேமியா உள்ள நாடுகளில் இந்தச் சமையலே வேண்டாம், முழுக்க வேகவையுங்கள்.

நம் மசாலாவுக்கு முயல் ஒத்துப்போகுமா என்றால், மிளகுக்குப் போகும், தேங்காய்க்குப் போகாது. இந்தக் கறியிலேயே லேசான தித்திப்பு இருக்கிறது, தேங்காய்ப்பால் சேர்ந்தால் திகட்டும். இரண்டு மேசைக்கரண்டி மிளகு, ஒன்று சீரகம், மூன்று மல்லி, ஒரு தேக்கரண்டி சோம்பு, ஆறு வரமிளகாய், ஒரு துண்டு பட்டை, நான்கு கிராம்பு. எல்லாவற்றையும் வறுத்து அரைத்தது ஒன்றரைக் கிலோவுக்குச் சரியாக இருக்கும். சின்ன வெங்காயம் 300 கிராம், இஞ்சி பூண்டு விழுது மூன்று மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் 100 மில்லி. முயலில் கொழுப்பே கிடையாது என்பதால் கசாப்புக் கடையில் 100 கிராம் ஆட்டுக் கொழுப்பு வாங்கி, பொடியாக நறுக்கி முதலில் உருக்கிக்கொள்ளுங்கள். இது இல்லாமல் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் கறி வறண்டே நிற்கும். குக்கரில் முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் இளசுக்கு 25 நிமிடம், முற்றலுக்கு 40. பிறகு வாணலியில் மசாலா சுண்டும்வரை மட்டும் பிரட்ட வேண்டும். ஆட்டுக்கறி வறுவல் மாதிரி கறுப்பாகும்வரை வறுத்தால் நார் நாராகப் பிரிந்து பல்லில் சிக்கும். ஈரல், இருதயம், கிட்னி மூன்றையும் கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் போதும்.

குழம்பு எந்த வகையானாலும் மறுநாள்தான் ருசி கூடும். மீந்ததை இத்தாலியின் டஸ்கனியில் செய்கிற மாதிரி, எலும்பை நீக்கிக் கறியைப் பிய்த்து, குழம்பைச் சற்று வற்றவைத்து, பட்டையான பப்பர்தெல்லே பாஸ்தாவோடு கலக்கலாம். நம் வீட்டில் இடியாப்பத்துக்கும் நன்றாக இருக்கும். ரத்தம் சேர்த்ததை மறுபடி சூடாக்கும்போது கொதிக்கவிடக் கூடாது, சாப்பிடும் அளவுக்கு மட்டும் எடுத்து, கொதிநீரின்மேல் பாத்திரத்தை வைத்து, ஆவி பறக்கும்வரை கிளறிச் சுட வையுங்கள். பிய்க்கும்போது கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் பிய்ப்பது நல்லது. ரவையும், விலாவின் ஊசி எலும்புகளும் விரலுக்குத்தான் தட்டுப்படும். இரும்பு ரவை என்றால் பல்லே போய்விடும்.